கள்விலக்கு விளக்கம், ஆறாம் பாகம்

சாத்தான்குளத்திலிருந்து தபால் கார்டு வந்தது பியூலாவின் பெயருக்கு. ஆனால் அதைக் கேட்டுக் கைவேலையை நழுவவிட்டது அவளுடைய மதினி ஜெபராணி.

ஜெபராணி ஜன்னலோரம் ரேந்தைத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையணையில் வரிசையாகக் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் போட்டு, துணி ஓரத்தில் வைத்துத் தைக்கிற ரேந்தை பின்ன வேண்டும். பாளையங்கோட்டை மிஷன் தெருவில் பத்துப் பெண்களாவது அந்த வேலையில் பிழைத்தார்கள். கை இரண்டும் ஓயாது. கண்ணை எடுக்க முடியாது. காது மட்டும்தான் சும்மா இருக்கும்.

பியூலா பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு உபாத்தினி. கடிதம் எதுவானாலும் நின்றுகொண்டு, வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தால்தான் அவளுக்குப் புரியும். அன்றும் அப்படித்தான் வாசித்தாள்.

“கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு, அப்பாத்துரை உபதேசியார் எழுதுவது. தாங்கள் போன வருஷம் அனுப்பிய கள்விலக்கு விளக்கம் ஐந்து பாகங்களும் இவ்விடத்தில் மிகுந்த ஆசீர்வாதமாயிருக்கின்றன. முன்னே கள்விலக்குக் கூட்டத்துக்கு நாலு பேர் வருவார்கள். அதிலும் இருவர் குடித்துவிட்டு வருவார்கள். இப்போது பனையேறிகள் அறுபது பேர் வந்து, வாசிக்கும்வரை அசையாமல் இருக்கிறார்கள். ஆறாம் பாகத்தைத் தாமதமின்றி அனுப்பவும். சபையார் பொறுமை இழந்திருக்கிறார்கள்.”

பியூலா கார்டைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் விலாசம்தான் இருந்தது.

“ஆறாம் பாகமா? கள்விலக்கு விளக்கம் மொத்தமே எட்டுப் பக்கந்தான மதினி? அண்ணன் அலமாரியில அதே அட்டையில அஞ்சு கெடந்துச்சு. எல்லாம் ஒரே பிரதிதான்னு கட்டி அனுப்புனேன். யாரைக் கேட்டு இவரு அதை அஞ்சு பாகமாக்குனாரு?”

ஜெபராணியின் கட்டை ஒன்று தரையில் விழுந்து உருண்டது. வாயும் அவளை அறியாமல் திறந்துகொண்டது.

“கழுதை கரையேறிச்சான்னு எழுதியிருக்காரா?”

“எந்தக் கழுதை?”

இனிச் சொல்லாமல் தப்ப முடியாது.

ஜெபராணியின் புருஷன் இஸ்ரவேல், பியூலாவுக்கு ஒரே அண்ணன். அச்சுக்கூடத்தில் புஸ்தகம் கட்டுகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும், ரேந்தைத் தலையணைக்கு எதிரே சம்மணம் கூட்டி உட்கார்ந்து, விளக்கு வைக்கும்வரை ஜெபராணிக்கு வாசித்துக் காட்டுவான். அவளுக்கும் நன்றாக வாசிக்கத் தெரியும். கை ஒழியாதே, அதுதான் தடை. அவள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து தெரிந்தது அட்டை மட்டும். சாம்பல் நிற அட்டையில் ‘கள்விலக்கு விளக்கம்’ என்று தடித்த எழுத்து.

உள்ளே ஓடியதோ வேறு விவகாரம். நேசமணி என்றொரு ராஜகுமாரி. ஞானாதிக்கம் ராஜாவின் மகள். அவளுடைய நிழலை ஒரு பூதம் களவாடிப் போய்விட்டது. வெயிலில் நின்றால் தரையில் ஒன்றும் விழாத பெண்ணை எவன் கட்டுவான்? ஓலையால் முடைந்த ஒரு குதிரை மேல் ஏறி, ஆகாய மார்க்கமாக நிழலைத் தேடிப் போனாள். பூதமோ மொடாக்குடியன். அதனால் ஜெபராணிக்கு அட்டையைப் பற்றிச் சந்தேகமே வரவில்லை. புத்திமதியைக் கதைக்குள் பொதிந்து கொடுப்பது மிஷன்காரர்களுக்கு வழக்கம்தானே. ஆறாம் பாகத்தில் பூதம் மனந்திரும்பும், கள்ளை விடும், நிழலைத் திருப்பிக் கொடுக்கும், எல்லோருமாகக் கோயிலுக்குப் போவார்கள் என்று அவள் தீர்மானித்து வைத்திருந்தாள். ஒருநாள் அதை வாய்விட்டுச் சொன்னபோது இஸ்ரவேல் புரையேறும்வரை சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான் என்று சொல்லவில்லை.

அந்தக் கதையில் ராஜகுமாரியைவிட ஜெபராணிக்குப் பிடித்தது ஒரு கழுதை. பேசும் கழுதை. நேசமணிக்குத் துணையாக முதல் பாகத்திலிருந்தே கூட வரும். எதையும் ஒரு தரத்தில் ஒப்புக்கொள்ளாது. பூதத்தையே நிறுத்தி வைத்து நியாயம் கேட்கும். கழுதை வாயைத் திறந்தால் இஸ்ரவேலின் குரல் மாறும். ஜெபராணி சிரித்த சிரிப்பில் நூல் சிக்கி, ரேந்தையை அவிழ்த்து மறுபடி பின்னிய நாட்கள் உண்டு.

ஐந்தாம் பாகத்தின் கடைசியில் ஒரு ஆறு. வெள்ளம் கரை தட்டி ஓடுகிறது. ஓலைக் குதிரை ஒரு ஆளைத்தான் சுமக்கும். நேசமணி ஏறிப் பறந்து அக்கரை போய்விட்டாள். “மழை பிடித்துவிட்டது. கழுதை இக்கரையில் தனியாக நின்றது” என்று வாசித்துவிட்டு இஸ்ரவேல் புஸ்தகத்தை மூடினான்.

“பொறகு?”

“பொறகு ஆறாம் பாகந்தான். இன்னும் வரல. வந்ததும் கட்டிக் கொண்டாரேன்.”

அது தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் புரட்டாசி. ஐப்பசியில் மூன்றே நாள் காய்ச்சல். அச்சுக்கூடத்து ஆட்கள்தான் பெட்டி செய்து கொண்டுவந்தார்கள். நாலு மூலையும் புஸ்தக அட்டையைப்போல் சீராக இருந்தது என்று பியூலா பின்னால் ஒருநாள் சொன்னாள். ஜெபராணி அன்று எதையும் பார்க்கும் நிலையில் இல்லை. ஆழ்வார்குறிச்சியில் தாய்வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது அலமாரி காலியாக இருந்தது. கேட்க அவளுக்குக் கூச்சம். புருஷன் போய்விட்டான், இவள் கதைப் புஸ்தகத்தைத் தேடுகிறாள் என்று ஆகிவிடும். ஆனால் மழை பெய்தால் போதும், கழுதை நினைவுக்கு வந்துவிடும். அது இன்னும் இக்கரையில்தானே நிற்கிறது? கரையேறியதா இல்லையா என்று தெரியாமல் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த பியூலா, பள்ளிக்கூடப் பெட்டியிலிருந்து எட்டுப் பக்கத் துண்டுப்பிரதி ஒன்றை எடுத்து மதினியின் முன்னால் போட்டாள். அதே அட்டை. உள்ளே குதிரையுமில்லை, பூதமுமில்லை. கள் குடித்தால் ஈரல் கெடும் என்பதுதான் இருந்தது.

“அச்சுக்கூடத்துல மிஞ்சுன அட்டையைக் கொண்டாந்து பொய்க்கதைக்குப் போட்டுக் கட்டியிருக்கான். நான் பக்கத்து அறையில இருப்பேன், கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு. அதுவும் உபதேசியாரா இருந்த எங்கப்பா வீட்டுல! அதை நான் என் கையால ஒரு சபைக்கே அனுப்பி வச்சிருக்கேன். மதினி, அறுபது பேரு!” பியூலா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். “இப்ப நெசத்தைச் சொன்னா அப்பாத்துரை உபதேசியார் முகம் என்னாகும்?”

“சொல்லாட்டா?”

“சொல்லாட்டா ஆறாம் பாகத்தை அனுப்பணும்.” கொஞ்சம் யோசித்தாள். “பாதியில நிறுத்துனா அறுபது பேரும் நேரா கள்ளுக்கடைக்குல்லா போவாங்க. புஸ்தகத்துக்குப் பேரு என்ன மதினி?”

அங்கேதான் வந்தது சங்கடம். பேர் தெரியாது. தெரிந்த பேர் அட்டையில் இருந்தது, அதுவும் பொய். சாத்தான்குளத்துக்கு எழுதிக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். பதில் வரவும் பத்து நாளாகும். நாளை மறுநாள் திருநெல்வேலியில் ஆனித் தேரோட்டம். ரத வீதியில் பாய் விரித்துக் கதைப் புஸ்தகம் விற்பவர்கள் அதோடு மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த திருவிழாவுக்குப் போய்விடுவார்கள்.

“தேரோட்டத்துக்கா?” என்றாள் பியூலா. “நாமளா?”

“துண்டுப்பிரதி குடுக்கப் போறதுதான? வருஷா வருஷம் போறாங்கள்லா.”

பியூலா மதினியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்துபோய் நாற்பது துண்டுப்பிரதிகளை எண்ணிப் பைக்குள் வைத்தாள்.

தேரன்று காலையில் புறப்பட்டார்கள். பியூலா கதவைப் பூட்டி, மூன்று தரம் இழுத்துப் பார்த்து, நாலடி போய்த் திரும்பி வந்து இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தாள். ரத வீதியில் தேர் வாகையடி முக்குத் திரும்ப மறுத்து நின்றுகொண்டிருந்தது. வடம் பிடித்தவர்களைவிட யோசனை சொன்னவர்கள் அதிகம். கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்திருந்ததால் புஸ்தகக்காரர்கள் பக்கம் காற்றோட்டமாக இருந்தது.

மேலப்பாளையத்து மீரா முகைதீன் என்றால் அந்த வட்டாரத்தில் கதைப் புஸ்தகக்காரர் என்று பேர். நரைத்த தாடி, கழுத்தில் பச்சைத் துண்டு. விற்கும் புஸ்தகத்தையெல்லாம் வாசித்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்வார்கள். அவருடைய பாய், பாதையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

“யாரைக் கேட்டு இப்படி நடுவழியில விரிச்சிருக்கிய?” என்றாள் பியூலா, வந்த காரியத்தை மறந்து.

“தேரைக் கேட்டேன் தாயி. நான் இப்போதைக்கு வரலேன்னு சொல்லிட்டு,” என்றார் அவர். “என்ன புஸ்தகம் வேணும்?”

ஜெபராணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “பேரு தெரியாது அண்ணாச்சி. அட்டையில கள்விலக்கு விளக்கம்னு இருந்துச்சு. ஆனா உள்ள பறக்குற குதிரை.”

“குடிச்சவன்தான் பறப்பான். விட்டவனுமா பறக்கான்?”

“அட்டை பொய்யி அண்ணாச்சி. கதையில ராசகுமாரி பேரு நேசமணி. அப்பா ஞானாதிக்கம் ராசா.”

மீரா முகைதீன் தாடியைத் தடவினார். “நாப்பது வருசமா ராசாக்களோடதான் என் பொழப்பு. ஞானாதிக்கம்னு ஒரு ராசா எந்தப் புஸ்தகத்திலயும் ஆண்டதில்ல. அந்தப் பேருல பாளையங்கோட்டையில ஒரு குமாஸ்தா இருக்காரு.”

“அவரு எங்க சபைதான்,” என்றாள் பியூலா. சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. “மதினி! நான் அடுத்த அறையில இருந்து கேட்டா சந்தேகப்படக் கூடாதுன்னு, அண்ணன் பேரையெல்லாம் மாத்தி வாசிச்சிருக்கான்.”

ஆக, அட்டையும் பொய், பேரும் பொய். ஜெபராணிக்கு முகம் வாடிவிட்டது. எதை வைத்துத் தேடுவது?

“அட, பேரு கெடக்கு தாயி,” என்றார் மீரா முகைதீன். “என்கிட்ட எவன் பேரைச் சொல்லி வாங்கியிருக்கான்? ‘மாமியாரை உரலுக்குள்ள ஒளிச்ச கதை குடும் வே’ன்னுதான் கேப்பான். நீங்க நடந்ததைச் சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன குறை?”

“நிழல் இல்ல. பூதம் கொண்டுபோயிட்டு.”

அவர் உட்கார்ந்த வாக்கிலேயே நிமிர்ந்தார். “நிழல் போன கதை என்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணுல பூதம் நிழலைக் கொம்புல தொங்கவிட்டுக்கிட்டுப் போகும்.”

“இல்ல. கிணத்துல எட்டிப் பாக்கும்போது கத்தரிச்சு எடுத்து, வெத்தலையைச் சுருட்டுத மாதிரி சுருட்டி, இடுப்புல செருகிக்கிடும்.”

“ஆங்! குதிரை?”

“ஓலைக் குதிரை. எழுதுன ஓலையில முடைஞ்சது. நனையக் கூடாது. நனைஞ்சா எழுத்தெல்லாம் அழிஞ்சு வழி மறந்துரும்.”

மீரா முகைதீன் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பக்கத்துப் பாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். “நிழலிழந்த நித்தியகல்யாணி சரித்திரம்! ஆறு பாகம். அஞ்சு வரைக்கும் மடமடன்னு போட்டான், ஆறாவதுக்கு ரெண்டு வருசம் இழுத்தடிச்சான். கங்கைகொண்டான்ல ஒருத்தரு ஆறாவது வராம எனக்குச் சலாம் சொல்லுததையே நிறுத்திட்டாரு.” பேசிக்கொண்டே மூட்டைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். “இந்தா! ஒண்ணுதான் மிச்சம். மூலையில எலி கடிச்சிருக்கு. பயப்படாதிய, மூலையைத்தான் கடிச்சிருக்கு, கதையைக் கடிக்கல.”

ஜெபராணி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். இஸ்ரவேல் போன பிறகு அச்சாகி வந்த புஸ்தகம். ‘ஆறாம் பாகம்’ என்று முகப்பில் இருந்ததையே இரண்டு தரம் வாசித்தாள். பிறகு நின்ற இடத்திலேயே பக்கங்களைப் புரட்டினாள். முதலில் பொறுமையாக, பிறகு வேகமாக. கடைசிப் பக்கம் வரை போய், மறுபடி முதலுக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, இதுல கழுதையைக் காணோமே.”

“என்ன கழுதை?”

“பேசுத கழுதை. முதல் பாகத்திலருந்து கூட வருமே. அது கரையேறுததுக்குத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.”

“இந்தக் கதையில கழுதை கிடையாது தாயி.”

“இருக்கு அண்ணாச்சி.”

“நான் இதை இருபது தரமாவது சனங்களுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கேன். கழுதை என்ன, ஒரு ஆட்டுக்குட்டிகூட வராது.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் வாதாடாமல் மூட்டையிலிருந்து முதல் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் எடுத்துக் கொடுத்தார். கிணற்றடி இருந்தது. சுருட்டிய நிழல் இருந்தது. ஐந்தின் கடைசியில் ஆறும் இருந்தது. நித்தியகல்யாணி குதிரையில் தாவி ஏறினாள், அக்கரை போய்ச் சேர்ந்தாள், பாகம் முடிந்தது. இக்கரையில் யாருமே இல்லை.

ஜெபராணி புஸ்தகத்தை மூடி மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். கழுதையைச் செய்தவன் இஸ்ரவேல். அவன் வாயிலிருந்து வந்ததுதான் அத்தனையும். எந்தப் பாயில், எந்த ஊர்த் திருவிழாவில் போய்த் தேடினாலும் இனி அது கிடைக்கப் போவதில்லை.

“ஆளு எங்க தாயி, வாசிச்சவரு?” என்று கேட்டார் மீரா முகைதீன்.

“ரெண்டு வருசமாச்சு அண்ணாச்சி.”

“மவுத்தாயிட்டாரா?” அவர் கழுத்துத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “நல்ல கையிதான். அச்சடிச்ச கதைக்குள்ள கழுதையை ஓட்டிவிடணும்னா அதுக்கு ஒரு தைரியம் வேணும். என்ன சொல்லும் அந்தக் கழுதை?” என்றார்.

ஜெபராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எதுக்கெடுத்தாலும் கேள்வி அண்ணாச்சி. குதிரை பறக்கப் போகும். ‘யாரைக் கேட்டுப் பறக்கிய?’ன்னு கேக்கும். பூதம் கதவைப் பூட்டும். கழுதை போயி மூணு தரம் இழுத்துப் பாத்துட்டு, ‘இது ஒரு பூட்டா’ன்னு கேக்கும். யார் என்ன வாசிச்சாலும் நின்னுக்கிட்டுத்தான் கேக்கும். எல்லாம் சொல்லி முடிச்சிட்டு, ‘எனக்கென்ன, சொல்லுததைச் சொல்லிட்டேன்’னு…”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். மீரா முகைதீன் மெள்ளத் திரும்பிப் பியூலாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவசர வேலை இருப்பதுபோல் புஸ்தகங்களை அடுக்கத் தொடங்கினார்.

பியூலாவின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

“மதினி.”

“என்ன பியூலா?”

“அந்தக் கழுதை நானா?”

ஜெபராணி அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். இத்தனை வருஷம் அந்தக் கழுதைக்குச் சிரித்தவள், இதே வீட்டில் இவளோடு இருந்தவள், அவளுக்கும் இந்த நிமிஷம்தான் தெரிகிறது. “எனக்குத் தெரியாது பியூலா, சத்தியமா,” என்றாள். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“அஞ்சு பாகமும் நான் வந்தேனா?” என்றாள் பியூலா.

“அஞ்சு பாகமும்.”

“எடுபட்ட பய,” என்றாள் பியூலா. அப்போதுதான் அவள் கண்ணும் நிறைந்தது. “நேருக்கு நேரா ஒரு வார்த்தை சொன்னதில்ல. ‘ஆமாட்டி, நீ சொன்னா சரிதான்’பான். இங்கன வந்து கழுதையா விட்டிருக்கானே!”

மீரா முகைதீன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். புறப்படும்போது இன்னொரு மெல்லிய புஸ்தகத்தையும் ஜெபராணியின் கையில் திணித்தார். “இது முடிஞ்சதும் இதைத் தொடுங்க. ஏழு கடலுக்கு அந்தாண்ட உப்பு விக்கப் போன ஒருத்தி கதை. இதைவிடக் கொஞ்சம் மெதுவாப் போகும், ஆனா பாதியில நிறுத்த மாட்டிய. கழுதை கிடையாது, முன்னாலயே சொல்லிட்டேன்.” பியூலா பதிலுக்கு ஒரு துண்டுப்பிரதியை நீட்டினாள். அவர் வாங்கி, அட்டையைப் பார்த்து, ஆசையோடு உள்ளே புரட்டி, எட்டுப் பக்கமும் ஈரல்தான் என்று கண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீடு போய்ச் சேரும்வரை ஜெபராணியால் பொறுக்க முடியவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பாளையங்கோட்டை. பாலத்துக்கு இந்தப் பக்கம், கரையில் ஒரு மருத மர நிழலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். தாமிரபரணியில் ஆனிமாதப் புதுத் தண்ணீர் சுழித்து ஓடியது. கையில் ரேந்தை இல்லை. இந்தக் கதையை அவளே பிடித்து வாசிப்பது இதுதான் முதல் தடவை. பியூலா நின்றுகொண்டே கேட்டாள். கேட்டவள் சட்டென்று நினைவு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து நின்றாள்.

ஆறாம் பாகம் ஏமாற்றவில்லை. பூதம் நிழலைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. ஆனால் குடிமயக்கத்தில் எது தன் நிழல், எது அவள் நிழல் என்று தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிட்டது. கல்யாணப் பந்தலில் நித்தியகல்யாணியின் காலடியில் இரண்டு கொம்போடு ஒரு நிழல் விழ, மாப்பிள்ளை மயங்கிச் சாய்ந்தான். அங்கே பூதம் வளையல் போட்ட தன் நிழலைப் பார்த்து வெட்கப்பட்டு வெளியே தலைகாட்டாமல் இருந்தது. கடைசியில் உச்சி வெயிலில், நிழல்கள் காலடிக்குள் சுருங்கி நிற்கும் நேரம் பார்த்து, இரண்டு பேரும் இடம் மாறி நின்று அவரவர் நிழலை எடுத்துக்கொண்டார்கள். சுபம்.

“பூதம் கள்ளை விட்டுதா இல்லையா?” என்றாள் பியூலா.

“விடல.”

“விடலையா? அப்ப சாத்தான்குளத்துக்கு எப்படி அனுப்ப?” யோசித்தாள். “குடிச்சதுனாலதான நிழல் மாறிப் போச்சு? ஊருக்கு முன்னால வளையலோட நின்னு அவமானப்பட்டுதுல்லா? அது போதும். அப்பாத்துரை உபதேசியார் அதுலயே ஒரு பிரசங்கம் பண்ணிருவாரு. அட்டை போட்டு நாளைக்கே அனுப்பிருவோம்.”

ஜெபராணி தலையசைத்தாள். புஸ்தகம் மடியில் கிடந்தது. அறுபது பேருக்கு முடிவு கிடைத்துவிட்டது. ராஜகுமாரிக்கு நிழல் கிடைத்துவிட்டது. அவள் கேட்க வந்த ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை.

“அது அங்கனயேதான் நிக்கும், என்ன?” என்றாள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே. “அதைக் கரையேத்த அவராலதான் முடியும். அவருமில்ல.”

தேர் பார்த்துவிட்டுத் திரும்பும் சனங்கள் பாலத்தின்மேல் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தலையில் ஓலைக்கூடையோடு ஒருத்தி, தோளில் பிள்ளையோடு ஒருவன், பின்னால் மாட்டு வண்டிகள். பியூலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிக்குன்னு யாரு சொன்னா?” என்றாள் திடீரென்று.

“அவருதான். மழையில தனியா நின்னுச்சுன்னு வாசிச்சாரு.”

“நின்னுச்சு. எவ்வளவு நேரம்? ஆறுன்னா பாலம் இருக்காதா மதினி? கதையில ஒருத்தனாவது பாலம் எங்கன இருக்குன்னு கேட்டானா? ராசகுமாரி கேட்டாளா? பூதம் கேட்டுதா? எல்லாரும் பறக்குததுலயே குறி.” பியூலாவுக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. “ஓலையில முடைஞ்ச குதிரை, நனைஞ்சா வழி மறக்கும். அதுல மழைக்காலத்துல எவளாவது ஏறுவாளா? என்னை ஏறச் சொன்னாலும் நான் ஏறியிருக்க மாட்டேன். கொஞ்ச நேரம் நின்னு, நாலு பேருகிட்ட விசாரிச்சு, பைய நடந்து பாலத்தைப் பிடிச்சு, அவ போயிச் சேருமுன்ன அங்கன போயி நின்னிருப்பேன்.”

“நீயா?”

“கழுதை,” என்றாள் பியூலா. “யாரா இருந்தா என்ன?”

“சரி, போயி நின்னு?”

“நின்னு என்ன, கேக்க வேண்டியதைக் கேட்டிருப்பேன். ‘தலையெல்லாம் நனைஞ்சிருக்கே, யாரைக் கேட்டு இந்த மழையில வந்திய? குதிரையை யாரு காயப்போடுவா?’ன்னு.”

ஜெபராணி சிரித்தாள். வண்டியில் போன ஒரு குடும்பம் தலையை வெளியே நீட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பியூலா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, தானும் சிரித்து, சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

“கழுதை அக்கரை சேந்தாச்சு. இனி நாம சேரணும். எந்திரிங்க மதினி,” என்றாள்.